ராசாத்தி குடிபெயர்ந்த நாள்

எனக்கு ஏழு வயதாகும்வரை எங்கள் லயத்தில் ஒரே ஒரு ராணிதான் இருந்தாள். அது நான். முடியும் கிடையாது, அரண்மனையும் கிடையாது. கம்பம்மெட்டுக்கு மேலே, கேரளத்துப் பக்கம், ஏலத்தோட்டத்து வேலையாட்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் எங்களுக்கென்று ஓர் அறை, ஓர் அடுப்படி. அவ்வளவுதான் ராஜ்ஜியம். ஆனாலும் அம்மா என்னை ராசாத்தி என்றுதான் கூப்பிடுவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ உடைத்திருக்கிறேன் என்று அர்த்தம். வெந்நீரில் முதல் குளியல் எனக்கு, அவித்த கப்பைக்கிழங்கில் மாவுப்பிடிப்பான நடுத்துண்டு எனக்கு, படுக்கும்போது அம்மாவின் பக்கத்து இடம் எனக்கு. இதற்கு மேல் எந்த ராணி என்ன கண்டாள்?

பிறகு தங்கச்சி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய அன்றே துணிமூட்டைக்குள் இருந்துகொண்டு வீறிட்டாள். அம்மா குனிந்து, "அழுவாத ராசாத்தி" என்றாள். நான் அழவே இல்லையே என்று நிமிர்ந்து பார்த்தேன். என்னைச் சொல்லவில்லை.

அன்று முழுவதும் அம்மாவின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு திரிந்தேன். பொறாமை என்று பெரியவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பொறாமை இல்லை, பயம். ஒரு வீட்டில் இரண்டு ராணி இருக்கலாமா கூடாதா என்பது எனக்கு உடனே தெரிந்தாக வேண்டியிருந்தது.

விசாரித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் சாயங்காலம் செபமாலை உண்டு. அதன் முடிவில் மாதாவை இராக்கினி என்று கூப்பிடுவோம். அப்படியென்றால் என்ன என்று எங்களோடே இருந்த மாமாவைக் கேட்டேன். ராணிக்குத்தான் அந்தக் காலத்தில் அப்படிச் சொல்வார்கள் என்றார். பரலோகத்துக்கும் பூலோகத்துக்கும் சேர்த்தே ஒருத்திதான் என்றால் ஒற்றை அறைக்கு இரண்டு பேர் எப்படி? அடுத்த வீட்டு அத்தை புரொட்டஸ்டண்ட். அவர்கள் வேதத்தில் ராஜஸ்திரீ என்று வரும். அத்தை சொன்ன கதையில் பழைய ராஜஸ்திரீயைத் தள்ளிவைத்த பிறகுதான் புதியவள் வந்தாள். பள்ளிக்கூடத்தில் மலையாளப் பாடத்தில் ராஜ்ஞி வந்தாள். அந்தச் சொல்லைச் சொல்ல எங்களில் பாதிப் பேருக்கு நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். அவளும் ஒருத்திதான். தோட்டத்துக் கிளப்பில் கேரம் பலகை நடுவே சிவப்புக் காய் ஒன்றே ஒன்று. அதையும் விழவைத்தால் மட்டும் போதாது, கூடவே இன்னொரு காய் விழவேண்டும், இல்லையென்றால் ராணியைத் தூக்கித் திரும்பப் பலகையில் வைத்துவிடுவார்கள்.

பின்னாளில் கல்லூரியில் படித்தபோது இந்த ராணி, இராக்கினி, ராஜ்ஞி மூவரும் ஒரே வடமொழி வேரிலிருந்து பிரிந்துபோன அக்கா தங்கைகள் என்று தெரிந்துகொண்டேன். அரசிதான் நம் வீட்டுப் பெண் என்றார்கள். ராசாவைப் பிடித்து ஓர் ஆத்தியைச் சேர்த்து ராசாத்தி ஆக்கியது நம் ஜனங்களின் கைவேலை. சதுரங்கத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பவள் பழைய ஆட்டத்தில் மந்திரியாக இருந்தவராம். ஆங்கிலத்துக் குயினோ ஆதியில் வெறும் பெண், வெறும் மனைவி, அதற்கு மேல் ஒன்றும் இல்லையாம். அந்த மொழியில் குட்டி போடும் பூனையும் குயின்தான். இதையெல்லாம் ஏழு வயதில் யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்று எனக்குக் கிடைத்த சாட்சிகள் அனைவரும் ஒரே குரலில் ஒருத்தி என்றார்கள்.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்தாள். கல்யாணமாகி வரும்போது கூடவே கூட்டிவந்துவிட்டாள். ஏலப்பூ காயாக மாறவேண்டுமென்றால் தேனீ வரவேண்டும், அதனால் தோட்டத்தில் அங்கங்கே தேன்பெட்டி வைத்திருந்தார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்வது மாமாவின் வேலை. வாரத்தில் ஒருநாளாவது முகத்தில் ஏதோ ஒரு பக்கம் வீங்கித்தான் வருவார். ஈ கொட்டின இடத்தில் தடவச் சொல்லி அப்பா தன் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை நீட்டுவார். இருவருக்கும் இடையே அதிகப் பேச்சு கிடையாது.

தங்கச்சி வந்து கொஞ்ச நாளில் ஒரு பெட்டியிலிருந்து ஈக்கள் புகை மாதிரிக் கிளம்பிப் போய்ப் பக்கத்துக் காப்பிச் செடியில் கொத்தாகத் தொங்கின. மாமா என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வேடிக்கை காட்டினார்.

"உள்ள புது ராணி பொறக்கப்போகுது தாயி. அதான் பழசு கெளம்பிருச்சு."

"யாரு தொரத்துனா?"

"ஒருத்தரும் தொரத்தல. அதுவாப் போகும். கூட்டத்துல பாதி அது பின்னால போயிரும்."

எனக்கு அது போதும். சாட்சிகளிலேயே இதுதான் கண்ணால் கண்ட சாட்சி.

ஆனாலும் உடனே கிளம்பிவிடவில்லை. ராஜ்ஜியத்தை அவ்வளவு சுலபமாக விட மனசு வருமா? அப்பா ஒரு சாயங்காலம் தொட்டில் கட்டக் கொக்கி அடித்துக்கொண்டிருந்தார். அடித்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்து, யார் முகத்தையும் பார்க்காமல் கூரையிடம் சொன்னார்.

"இருக்கது ஒத்த ரூமு. இத்தன பேரும் எங்கிட்டுத்தான் படுக்கது?"

அம்மா தங்கச்சியை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். மாமா கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனார். நான் சுவரோரம் உட்கார்ந்து, சரி, எனக்குத்தான் உத்தரவு வந்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. பாதியைக் கொண்டுபோகவேண்டும் என்பது தேனீச் சட்டம், ஆகவே நியாயமாகவே பங்கு வைத்தேன். குளிக்கிற சோப்பைக் கத்தியால் இரண்டாக வெட்டினேன். சீப்பை வெட்ட முடியவில்லை, அதை அம்மாவுக்கே விட்டுக்கொடுத்தேன். ஆள்களில் பாதிதான் சிக்கல். அப்பா வரமாட்டார், அவர் ஏற்கெனவே புது ராணியின் விரலைப் பிடித்துக்கொண்டு இளித்துக்கொண்டிருந்தார். கோழி கையில் சிக்கவில்லை. மிச்சம் மாமா.

தேடிப் போனபோது வீட்டுக்குப் பின்னால் மாமா கடைசித் தேன்பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவருடைய ரெக்சின் பை.

"மாமா, நான் கெளம்புறேன். என்கூட வாறீகளா?"

மாமா என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த அரைச் சோப்பைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அம்மாகிட்டச் சொல்லிட்டியா என்று மட்டும் கேட்டார். ராணி சொல்லிவிட்டா போகும் என்று நான் திருப்பிக் கேட்டதற்கு பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வா தாயி, மெட்டு வரைக்கும் போவோம்" என்றார். சொன்ன உடனே பையோடு தயாராக நின்றாரே, இவரல்லவா விசுவாசமான பிரஜை என்று எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

கம்பத்திலிருந்து ஏலக்காய் எடுக்க வரும் பெண்கள் மத்தியானத்துக்கு மேல் ஜீப்பில் ஊர் திரும்புவார்கள். அந்த ஜீப்பில் ஏறினோம். ஏற்கெனவே ஆள்மேல் ஆள். ஒரு அக்கா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "மாமனும் மருமகளும் எங்கிட்டுக் கெளம்பிட்டீக?" என்று கேட்டாள். குடிமாறிப் போகிறோம் என்றேன். சிரிப்பில் ஜீப்பே குலுங்கியது. மாமா மட்டும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கம்பம்மெட்டில் மாமா இறங்கச் சொன்னார். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, அங்கிருந்து வளைவு வளைவாகக் கீழே கம்பம். ஏன் நேராகப் போகவில்லை என்று கேட்டதற்கு, கிளம்பின கூட்டம் முதலில் ஒரு கிளையில் உட்கார்ந்துதான் யோசிக்கும் என்றார். எங்கள் கிளை ஒரு டீக்கடை பெஞ்சு. எனக்கு நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த ஒரு பழம்பொரி வந்தது. குடிபெயர்வதில் இவ்வளவு சௌகரியம் இருப்பது தெரிந்திருந்தால் முன்பே கிளம்பியிருப்பேன்.

கம்பம் பஸ் வந்தது. மாமா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப உட்கார்ந்தார். அடுத்த பஸ்ஸுக்கும் அதேதான். அப்பா கூரையிடம் சொன்ன சொல் யார்மேல் போய் விழுந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பை எனக்காகக் கட்டிய பை இல்லை என்பதும் தெரியாது. பழம்பொரி தீர்ந்துபோயிருந்தது, எனக்கு வேறொரு கவலை வந்திருந்தது. புது வீட்டுக்குப் போனதும் ராணி என்ன செய்யவேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். மாமாவின் பெட்டிகளில் ராணி செய்து நான் பார்த்த வேலை ஒன்றே ஒன்றுதான்.

"மாமா, போன எடத்துல நம்ம ரெண்டு பேருல யாரு முட்டை போடுறது?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், புரையேறுகிற வரைக்கும். எனக்கு ரோஷமாகிவிட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றது அம்மா. என்னையும் பெற்றாள், அந்தச் சின்னதையும் பெற்றாள். அப்படியானால் கணக்குப்படி ராணி அம்மாதான், நானில்லை. நானும் தங்கச்சியும் மாமாவும் அப்பாவும் எல்லோரும் வெறும் ஈக்கள். இதை மாமாவிடம் உரக்கச் சொன்னேன். சொல்லிவிட்டு, ராணி இல்லாமல் கிளம்பிய கூட்டம் என்ன ஆகும் என்றும் கேட்டேன்.

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கீழே இறங்கும் ரோட்டை ஒருதரம் பார்த்தார்.

"வழி இல்ல ஆத்தா. பழைய கூட்டுக்கே திரும்பிரும்."

"அப்ப எந்திரிங்க, போவோம்" என்றேன். ராணி பதவி போனதில் வருத்தம் இருந்தாலும் அம்மாவின் பக்கத்து இடம் ஈக்கும் உண்டு என்று பட்டது. மாமா சட்டென்று எழுந்திருக்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

மேலே திரும்புகிற ஒரு காலி ஜீப்பில் வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் மலையில் இருந்தது. அம்மா தலைமுடி அவிழ, தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் நின்றாள். அப்பா தோட்டத்து ஸ்டோரில் சூடேற்றி ஏலக்காய் உலர்த்திக்கொண்டிருந்தவர், புகை வாசனையோடு பாதி வேலையில் ஓடிவந்திருந்தார். நான் அடி வாங்கத் தயாராக முதுகை இறுக்கிக்கொண்டேன்.

கொடியில் மாமாவின் துணிகள் இல்லாததைப் பார்த்திருந்த அம்மா, என்னைத் தாண்டிப் போய் அவர் சட்டையைப் பிடித்தாள். "ஒனக்கு எடம் இல்லாத ஊடாடா இது? ராசா, ஒனக்கு எடம் இல்லையாடா?" என்று சொல்லி அழுதாள். ஓடிப்போனது நான். புத்தி தெளிந்து திரும்பியதும் நான். பட்டம் மட்டும் மாமாவுக்கா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா பக்கத்தில் வந்து மாமாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். தரையைப் பார்த்துக்கொண்டே, "அடுப்படில ஒரு பலகை அடிச்சா ஒரு ஆளு தாராளமாப் படுக்கலாம். நாளைக்கு அடிச்சிருவோம்" என்றார். அவர் மாமாவிடம் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு கண்ணும் சிவந்து நீர் கொட்டியது. நான் உள்ளே ஓடிப்போய் அப்பாவின் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துவந்து, மூடியைத் திறந்து, விரலில் தொட்டுக்கொண்டு கேட்டேன்.

"எங்கன கொட்டுச்சு மாமா?"