துரை கவிழ்த்த கிளாஸ்

எங்கள் வீட்டு அடுப்பங்கரைப் பலகையில், பித்தளைத் தம்ளர்களுக்கு நடுவே ஒற்றைக்கால் கண்ணாடிக் கிளாஸ் ஒன்று இருக்கிறது. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது. கழுவிய பாத்திரத்தையெல்லாம் என் மனைவி கவிழ்த்துத்தான் வைப்பாள். மற்றவை எப்படிக் கிடந்தாலும் எனக்குக் கவலையில்லை. இந்த ஒன்று கவிழ்ந்திருந்தால் மட்டும் கை தானாகப் போய் நிமிர்த்திவிடும். பீர்மேட்டில் வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பில் பட்லராக இருந்தவன் நான். அங்கே மேசையில் கிளாஸ் கவிழ்ந்திருந்தால் பட்லர் தூங்குகிறான் என்று பொருள்.

அதைக் கவிழ்த்தவர் எங்கள் தோட்டத்துப் பெரிய துரை. பிறந்ததே இந்த மலையில்தான். வளர்த்த ஆயா திருநெல்வேலிக்காரி என்பதால் கோபம் வந்தால் 'ஏலே' என்றுதான் ஆரம்பிப்பார். சிவந்த முகத்திலிருந்து அந்தச் சொல் வரும்போது யாரோ பின்னாலிருந்து பேசுவது போலிருக்கும். அவருடைய அப்பா காப்பித் தோட்டம் போட வந்தவர். காப்பி இலையில் நோய் விழுந்து செடி செத்தது, தேயிலை போட்டார். முதலில் கூடாரம், பிறகு பங்களா, பிறகு பக்கத்து மலைகளிலும் பங்களாக்கள், ஒரு வேதக் கோயில், கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். அதில் பெரியவர்களைவிடக் குழந்தைகளே அதிகம். அதற்கப்புறம்தான் கிளப். வந்தவர்கள் ஊர்க்காரர்கள் ஆவது இப்படித்தான் போலிருக்கிறது. கடைசியாக மனக்குறையும் வந்து சேர்ந்தது.

துரையின் மனக்குறை லண்டன்மேல். எவ்வளவு தேயிலை கப்பலேறலாம் என்று அங்கேயிருந்து உத்தரவு போட ஆரம்பித்திருந்தார்கள். "ஏலே, காட்ட வெட்டினது நாங்க. பிள்ளைகள மண்ணுல வச்சது நாங்க. அங்க குளிர் காஞ்சிட்டு இருக்கவன் எனக்கு உத்தரவு போடுதான்!" என்பார். மற்றத் துரைமாரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன். அவருடைய அப்பாவுக்காக அந்தக் காட்டில் கோடாலி பிடித்தது என் அப்பன். அந்தக் கோடாலிக்கு முன்னால் காட்டில் குடியிருந்தவர்கள் எந்தப் பக்கம் போனார்களோ. தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு இதெல்லாம் ஞாபகம் வரலாம், வாயில் வரக்கூடாது.

இங்கிலாந்து ராஜாவின் பிறந்தநாள் விருந்து. ஆனி மழை கிளப்பின் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. ராஜாவின் பேர் சொல்லி எல்லோரும் எழுந்து குடிப்பது வழக்கம். அதற்கு முன் ஒவ்வொரு கிளாஸும் நிரம்பியிருக்க வேண்டும். ஊற்றிக்கொண்டே வருகிறேன், பெரிய துரையின் கிளாஸ் கவிழ்ந்து கிடக்கிறது. ராஜா பேருக்குக் குடிக்க மனமில்லாமல் அவர் வேண்டுமென்றே கவிழ்த்தார் என்பது அந்த மேசையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, எனக்கு மட்டும் புரியவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பட்லர் வேலையில் ஒரு குறை. வேலை போனால் தோட்டத்துக் கூலியாட்களின் வரிசையில் எங்களுக்கிருந்த லயத்து வீடும் அன்றைக்கே போகும். மனைவிக்கு நிறைமாதம், வெளியே அந்த மழை. வியர்த்து வழிய, "மன்னிக்கணும் துரை" என்று கிளாஸை நிமிர்த்தி விளிம்புவரை ஊற்றினேன்.

துரை என்னைப் பார்த்தார். கிளாஸைப் பார்த்தார். மறுபடி கவிழ்த்தார்.

சிவப்பு ஒயின் வெள்ளை விரிப்பில் பரவியது. நான் அந்தக் கிளாஸைத் தொடாமல் விட்டிருந்தால் ஒரு கிழவரின் முணுமுணுப்பாகப் போயிருக்கும். நான் சுத்தமாக வேலை பார்த்து அதை ராஜத் துரோகமாக்கி வைத்தேன். கிளப் செகரட்டரி துரை எழுந்தார். "பட்லர், இது நீ தட்டினது..." அவர் கேட்டு முடிக்கவில்லை. "ஆமாங்க துரை, நான்தான், நான்தான்!" என்றேன். இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் தேயிலை உத்தரவும் நான் போட்டதுதான் என்று ஒப்புக்கொண்டிருப்பேன்.

மேசை முழுக்க மூச்சு விட்டது. பெரிய துரை மட்டும் வாயைத் திறந்தார். கவிழ்த்தது தான்தான் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். புதுக் கிளாஸ் வந்தது. எழுந்து நின்று ராஜாவின் பேர் சொல்லிக் குடித்தார்.

கிளப்பில் என்னை நீக்கினார்கள். துரை கவிழ்த்ததில் விளிம்பு பெயர்ந்த கிளாஸை என்னோடு கொண்டுவந்தேன். துரை மறுநாளே என்னைத் தன் பங்களாவில் சேர்த்துக்கொண்டார். லயத்து வீடு தங்கியது. அந்த விருந்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பிள்ளை பிறந்து, என் மனைவி மறுபடி கொழுந்தெடுக்கப் போக ஆரம்பித்த சமயம், வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்று துரை சொல்லிவிட்டார். கங்காணி காரணம் கேட்டதற்கு, "மேலேயிருந்து உத்தரவு" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் ஆள் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் துரை நின்றார். பின்னால் நான், காப்பித் தட்டோடு. கங்காணி பேர் கூப்பிட்டார். ஒருத்தியும் அசையவில்லை. முன்வரிசையில் ஒருத்தி கூடையை இறக்கிக் கவிழ்த்து வைத்தாள். பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். களம் முழுக்கக் கூடைகள் கவிழ்ந்தன.

துரை திரும்பினார். "ஏலே, இதுவும் நீ தட்டி விட்டதுதானா?"

சிரிக்கச் சொன்னாரா, கெஞ்சினாரா, இன்றுவரை தெரியவில்லை. என் நாக்கு வழக்கம்போல 'ஆமாங்க' சொல்லப் புறப்பட்டுவிட்டது. அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு குரல். இடுப்பில் பிள்ளையோடு என் மனைவி.

"அவுக தட்டல, துரை. நாங்கதான் கவுத்தோம்."

துரை அந்தக் கூடைகளைப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து காப்பியை எடுத்தார். குடிக்காமல் திரும்ப வைத்தார். உள்ளே போனார். மத்தியானம் போலீஸ் வந்தது. பொழுது சாயுமுன் எங்கள் சட்டி பானை ரோட்டில் இருந்தது. அத்தனை வருஷம் எதற்காக நடுங்கினேனோ அது நடந்தே விட்டது. நடந்தபோது நடுக்கம் வரவில்லை. வேறு எதுவும் வரவுமில்லை. பாயைச் சுருட்டினேன். மழை இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இப்போது சக்குபள்ளத்தில் ஏலக்காய்த் தோட்டத்தில் இருக்கிறோம். துரை தோட்டத்தை விற்றுவிட்டு, தான் பார்த்தேயிராத சொந்த ஊருக்குக் கப்பலேறினார் என்று கேள்வி. அங்கே கோபம் வந்தால் 'ஏலே' என்று யாரைக் கூப்பிடுவாரோ.

நேற்று ராத்திரி கிளாஸை நிமிர்த்தி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் கவிழ்ந்திருக்கிறது. யார் கவிழ்த்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள்.