நடை டீச்சர் உட்கார்ந்த நாள்

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டே நடப்பாள். நின்றால் கூட ஒரு கால் மற்றதை அவசரப்படுத்தும். பயிற்சி நிலையத்தில் அவளுக்கு நடை டீச்சர் என்றே பெயர்.

அங்கே வந்தவர்கள் காது திறந்துகொண்டவர்கள். அந்தக் காலத்தில் அது ஆயிரத்தில் ஒருவருக்கு, முப்பது நாற்பது வயதில், சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. நேற்றுவரை எல்லோரையும் போல இருந்தவருக்கு இன்று மூன்றாவது தெருவில் கத்தரிக்கோல் துணியை வெட்டுவது கேட்கும். பக்கத்தில் ஒருவர் எச்சில் விழுங்கினால் இடி இறங்கும். அதனால் நிலையத்தின் சுவர்களுக்குப் பஞ்சு மெத்தை அடித்திருந்தார்கள். எல்லோருக்கும் ரப்பர் செருப்பு. வளையல், சாவிக்கொத்து எல்லாம் வாசலோடு சரி.

டீச்சருக்குச் சாதாரணக் காதுதான். அவள் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: பிடி. உலகமே காதுக்குள் கொட்டும்போது ஒரு சத்தத்தை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டும். அது உன் உடம்பிலிருந்து வர வேண்டும். மூச்சோ, பல்லோ, விரலோ. எது என்று யாரிடமும் சொல்லக் கூடாது, டீச்சரிடம் கூட. தெரிந்தவர் விளையாட்டாய்க் கலைத்துவிட்டால் ஆள் நிலைகுலைந்துபோவார் என்ற பயம். நாளடைவில் பிறர் பிடியைக் கேட்பதே அநாகரிகம் என்றாகிவிட்டது.

பஸ் கண்டக்டராக இருந்த பெண்ணுக்கு ஓடும் வண்டியில் காது திறந்தது. நடுவழியில் குதித்து, கைப்பையை வீசிவிட்டு ஓடினவள். ஐந்து மாதமாக நிலையத்தில் இருந்தாள். வீட்டில் எட்டு வயதுப் பெண் குழந்தை. பரீட்சையில் இரண்டு முறை தோற்றாயிற்று. சந்தைத் தெருவைப் பார்த்த அறையில், ஜன்னல்கள் திறந்திருக்க, கால் மணி நேரத்தில் இருபது ஊசிகளில் பதினெட்டிலாவது நூல் கோக்க வேண்டும். மூன்றாவது முறையும் தோற்றால் மலைக்கு அடியில் இருக்கும் மௌன இல்லம். அங்கே பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது. குழந்தைக்கும் கிடையாது.

பயிற்சியில் மட்டும் அவள் கை ஆடவே ஆடாது. இருபது ஊசியையும் கோத்துவிட்டுக் கொட்டாவி விடுவாள். பரீட்சை அறைக்குப் போனால் ஏன் உதறுகிறது என்று டீச்சருக்கு விளங்கவில்லை.

மூன்றாவது பரீட்சைக்கு முதல் நாள் ஒத்திகையில் டீச்சரின் செருப்பு வார் அறுந்தது. மாட்டுவதற்காகக் காலை ஸ்டூலில் தூக்கி வைத்து நின்றாள். அரை நிமிடம் கூட ஆகியிருக்காது. ஊசிப்பெட்டி தரையில் சிதறியது. கண்டக்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் சுருண்டாள். டீச்சர் பதறி ஓடினாள். நாலு எட்டு வைப்பதற்குள் கண்டக்டரின் முகம் தெளிந்துவிட்டது.

டீச்சர் நின்றாள். முகம் மறுபடி கோணியது. நடந்தாள். தெளிந்தது.

"எதும்மா உன் பிடி?"

"அதைக் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"இப்போ கேக்கறேன். சொல்லு."

"உங்க இடது முட்டி."

"என்னது?"

"நடக்கும்போது டக்கு டக்குன்னு கேக்குது டீச்சர். என் மூச்சு எங்க ஒழுங்கா வருது? உங்க முட்டிதான் ஒரே சீரா வருது. கடிகாரம் தோத்துடும்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. "நாளைக்கு நான் உள்ள வர முடியாது."

"வெளிய வராண்டாவுல நடங்க. போன ரெண்டு தடவையும் நீங்க பின்கட்டுல இருந்தீங்க, சந்தை இரைச்சல்ல பிடிக்க முடியல. நடுவுல ரெண்டு சுவர்தானே, எனக்குக் கேக்கும்."

"அப்புறம் வீட்டுக்குப் போவே. அங்க வந்து அடுப்படியில நடக்கணுமா?"

"வாங்களேன். இடம் இருக்கு. என் வீட்டுக்காரர் குறட்டைதான் கொஞ்சம்..."

"நான் நடக்க மாட்டேன்மா."

கண்டக்டரின் முகம் சுண்டியது. "உங்களுக்கென்ன, பொழுது விடிஞ்சா இன்னொருத்தி வருவா. என் பொண்ணுக்கு நான் ஒருத்திதான்."

டீச்சருக்கு ஒரு தம்பி இருந்தான். அவனுக்கும் காது திறந்தது. அக்காவின் குரல்தான் அவனுக்குப் பிடி. தினமும் மூன்று வேளை அவள் தொலைபேசியில் பேசினாள், அவனும் வேலைக்குப் போனான், எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒரு காய்ச்சலில் அவளுக்கு நான்கு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. நான்காம் நாள், தண்ணீருக்குள் சத்தம் குறையும் என்று அவன் ஏரியில் இறங்கிவிட்டான். அந்தச் சேதி வந்தபோது அவள் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு உட்காரவில்லை.

மறுநாள் காலை பரீட்சை அறைக் கதவு சாத்தியதும் வராண்டா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், உடம்புக்கு முடியலையா? உட்காந்துட்டீங்க?"

அவள் உதட்டில் விரல் வைத்தாள். மூன்று நிமிடம் போயிற்று. தொடை தானாகத் துடித்தது. கண்ணை மூடினால் ஏரி தெரிந்தது, திறந்தால் கதவு தெரிந்தது. உள்ளே ஏதோ உலோகம் தரையில் விழுந்து சிதறும் சத்தம். பாதி எழுந்துவிட்டாள். ஒரு எட்டு வைத்தால் போதும், அந்தப் பெண் இன்று சாயங்காலம் வீட்டில் இருப்பாள். எத்தனை நாளைக்கு? இரண்டு கையாலும் முட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சந்தையில் யாரோ தகர டின்னைத் தட்டினார்கள். உள்ளே ஓசையே இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

கதவு திறந்தபோது கண்டக்டரின் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. உதட்டில் பல் பதிந்து ரத்தம்.

"பதினெட்டு," என்றாள். "சரியா பதினெட்டு. கடைசியில உங்களைத் திட்டிக்கிட்டே கோத்தேன்."

"திட்டு. நல்லாத் திட்டு. எதைம்மா பிடிச்சே?"

"அதைக் கேக்கறது அநாகரிகம் டீச்சர்."

ஆனால் அவளுடைய வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு உரசிக்கொண்டே இருந்தது, டிக்கெட் கட்டிலிருந்து ஒன்றைக் கிழிப்பது போல. டீச்சர் அதைப் பார்க்காதவள் போல எழுந்தாள். முட்டி சொடுக்கியது.

"ஐயோ, அதை ஒரு டாக்டர்கிட்ட காட்டித் தொலைங்க," என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் படியிறங்கினாள். தெருவில் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவள் தோள் ஒருமுறை குலுங்கியது, விரல் நிற்கவில்லை.

அவள் திருப்பத்தில் மறையும் வரை டீச்சர் அசையவில்லை. முட்டிச் சத்தம் காதுக்கு எட்டாத தூரம் போயிருப்பாளா என்று தெரியாததால், இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.