மனைக்கற்களுக்கு நடுவே கீரை

இன்று வேங்கிக்கால் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்காவின் கூடை நிறைய அரைக்கீரை. ஈர மண்வாசனையில் கண் சொக்கியது.

"சொந்த நிலமாக்கா?"

"இல்லீங்க. லாட்ஜு வேலைய விட்டுட்டு இப்பத்தான் பயிர் வைக்கவே கத்துக்கறேன். அடி அண்ணாமலைல யாரோ மனைக்கல்லு நட்டு, சுவரே இல்லாம நீலக் கேட்டு மட்டும் போட்டுட்டு மறந்துட்டாரு. நடுவுல விதைச்சிருக்கேன். அவருக்கு நெலம் ஞாபகமே வரக்கூடாதுன்னு தெனம் மலையப் பாத்துக் கும்பிடுறேன்."

நீலக் கேட் என்னுடையது.

ஜன்னலில் மலை கூடவே வந்தது. வெள்ளைக் கற்களுக்கிடையே பச்சை அசைவது போலவே இருந்தது.

ஒரு கட்டு வாங்கி வந்தேன். என் நிலத்துக் கீரை அடுப்பில் வேகிறது.

"நீங்களே பயிர் வைங்க" என்று எழுதிக் கொடுத்து, கேட் சாவியையும் தர நாளை போகிறேன். வேண்டுதல் பலிக்கவில்லை என்பதை அவரிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது?