திரையில் அடங்காத இல்லத்தரசிகள்

நேற்று தேக்கா சந்தையில் தே தாரிக் என்கிற ஆற்றிய டீக்கு நின்றபோது, கடைத் திரையில் ‘கோழி பிரியா’ என்று ஓர் அயிட்டம். யாரடா இந்தப் பிரியா என்று ஒரு கணம் குழம்பிவிட்டேன். ‘ணி’ திரைக்கு வெளியே விழுந்திருக்கிறது. நீங்களாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். எனக்குப் பழைய பொங்கல் ஒன்று நினைவுக்கு வந்தது.

சிங்கப்பூருக்கு வந்த புதிதில், விழா மண்டபங்களுக்குத் திரை வைத்துக்கொடுக்கும் சின்னக் கம்பெனியில் எனக்குப் புரோகிராமர் வேலை. முதலாளி டான், சீனர், தங்கமான மனிதர். ஒரு வரி திரையில் அடங்குமா என்று பார்க்க, எழுத்துகளை எண்ணி ஓர் எழுத்தின் அகலத்தால் பெருக்கச் சொல்வார். சீன எழுத்துகள் எல்லாம் ஒரே அளவுச் சதுரங்கள். அதனால் அவருக்கு அது வேதம். எங்கள் ‘ர’ ஒல்லி, ‘ண’ தொப்பைக்காரன் என்று சொல்லிப் பார்த்தேன். “சேம் சேம் லா!” என்று தோளில் தட்டினார். வேலை நிரந்தரமாகாத நேரம், அவர் சொன்னபடியே எண்ணிப் பெருக்கினேன்.

பிடோக்கில் ஒரு சமூக மன்றத்தில் பொங்கல் விழா. வட்டாரப் பெண்கள் விடியற்காலையிலிருந்தே சமைத்திருந்தார்கள். கூலி வேண்டாம், குழுவின் பெயர் பெரிய திரையில் வந்தால் போதும் என்பது தலைவி விமலா அக்காவின் ஆசை. ‘சாப்பாடு: இல்லத்தரசிகள் குழு’ என்று தட்டினேன். டான் கணக்குப்படி கச்சிதமாக அடங்கியது. திரையில் தெரிந்ததோ, ‘சாப்பாடு: இல்ல’.

சாப்பாட்டுக்கு நின்ற வரிசை கலையத் தொடங்கியது. “அப்பவே சொன்னேன், ஹாக்கர் சென்டர்ல போய்ச் சாப்பிடலாம்னு!” என்று ஒருவர் மனைவியிடம் சிடுசிடுத்தார். விமலா அக்கா கரண்டியோடு ஓடிவந்தார்.

“என்ன தம்பி, அண்டா அண்டாவா இருக்கு, இல்லன்னு போட்டுட்டீங்க!”

பதற்றத்தில் ‘சாப்பாடு உண்டு’ என்று மாற்றினேன். போன கூட்டம் திரும்பி வந்து சாம்பாரை வழித்துச் சாப்பிட்டது. டான் கைகொடுத்தார். “ஷார்ட், நைஸ்!” என் வேலையும் நிரந்தரமாயிற்று.

அக்கா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாம் சரி தம்பி, எங்க பேர் எங்க?”

“அடுத்த வருஷம் கண்டிப்பா, அக்கா.”

அதன்பிறகு எண்ணுவதை விட்டேன். கண்ணுக்குத் தெரியாத பலகையில் வரியைக் கணினியையே எழுதவைத்து, எவ்வளவு இடம் பிடித்தது என்று அதனிடமே கேட்டேன். ஆளை எண்ணியா தையல்காரர் சட்டை தைக்கிறார்? அளந்துதானே தைக்கிறார். சோதித்துப் பார்த்தபோது இல்லத்தரசிகள் கொம்பு, சுழி சிந்தாமல் அடங்கினார்கள். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஆனால் அடுத்த பொங்கலுக்குள் குழு கலைந்துவிட்டது. பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள், விமலா அக்கா செம்பவாங்குக்கு வீடு மாறிவிட்டார். சாப்பாட்டுக்குக் கேட்டரிங் சொல்லியிருந்தார்கள். மனசே இல்லாமல் அந்தக் கடையின் பெயரைத் தட்டினேன். மூன்றே எழுத்து. அளக்காமலே அடங்கியது.