சாமுவேல் கொண்டுபோன தோல் படகு

சாமுவேல் போய்விட்டான்.

காலையில் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து தந்தி. எதிரே இருக்கும் தீவுக்குப் போகும் வழியில், நடுக்கடலில் படகின் அடித்தோல் கிழிந்துவிட்டதாம்... உடல் கரை ஒதுங்கியிருக்கிறது.

நம் ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்பில் அவனைத் தெரியாதவர் யார்? இதை கேட் போர்டில் ஒட்டுகிறேன். வேலை விட்டுப் போகும்போது நின்று படியுங்கள்.

ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் அவன் ஒரு படம் பார்த்தான். பனி தேசத்து ஆள் ஒருவன் தோல் போர்த்திய சின்னப் படகில் தன்னந்தனியாகக் கடலில் போகிறான். அதற்குப் பெயர் கயாக்காம்.

"தோல்லயே படகு கட்றான்டா! நம்மகிட்ட இல்லாத தோலா?"

அன்று பிடித்த பைத்தியம். மூங்கில் சட்டம், மேலே மாட்டுத்தோல், இரண்டு முனையிலும் பலகை வைத்த துடுப்பு...

பாலாற்றில் வெள்ளம் வந்தபோது விரிஞ்சிபுரத்தில் இறக்கிப் பார்த்தோம். ஒரு மணி நேரம் மிதந்தான், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. கடலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

அதன் பிறகு, மண்டபத்திலிருந்து தீவுக்குத் தனியாகப் போகப்போகிறேன், அடித்தோலை மாற்ற வேண்டும் என்றான். பொறுக்கிக் கொடுத்தது நான்தான். தோலைத் தரம் பிரிக்கும் சார்ட்டிங் என் வேலை.

நல்ல லாட்டெல்லாம் மெட்ராஸுக்குக் கட்டியாகிவிட்டது. மிச்சமிருந்த தோலில் ஒரு சூட்டுத் தழும்பு. மாட்டுக்கு நோய் என்று சூடு போட்ட இடம் எத்தனை பதம் போட்டாலும் ஒருநாள் வெடிக்கும், நம் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த லாட் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். எண்ணெய் தேய்த்து மறைத்தேன்.

"பாத்துட்டியா?" என்றான்.

"ஒண்ணும் ஆவாது, எடுத்துனு போ."

அவன் தோலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தால் போதும் அவனுக்கு.

ஸ்டேஷனில் படகைக் கழற்றி, நீளமாகச் சுருட்டித் தோளில் வைத்திருந்தான். போர்ட்டர் கேட்டான், "இன்னா சார், பொணத்தையா கட்டி எடுத்துனு போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ரயில் கிளம்பிவிட்டது.

இன்று மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி மேரி அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணா, நீங்க பாத்துக் குடுத்த தோலுன்னு சொல்லினே இருந்தாரு. நல்ல தோலுதானே அண்ணா?"

"நல்ல தோலுதாம்மா" என்றேன்.

நாளை அவன் சாமான்களை எடுக்க இந்த கேட் வழியாகத்தான் வருவாள். நர்ஸ் வேலை பார்ப்பவள், படிக்கத் தெரியும்.

அதுவரை யாரும் இந்தத் தாளை எடுத்துவிடாதீர்கள்.

போய் வா, சாமு...