பச்சையில் நின்ற முள்

குற்றாலத்தில் கணப்படுப்பு வைத்த வீடு அநேகமாக எங்களுடையது ஒன்றுதான். குளிருக்காக அல்ல, துணி காய்வதற்காக. சாரல் காலத்தில் இங்கே ஒரு பனியன் காய்வதற்குள் அதை மறந்துவிட்டுப் புதுசு வாங்கிவிடலாம். மாடியில் இரண்டு அறைகளை சீசனுக்கு வாடகைக்கு விடுகிறோம். அருவியில் குளித்து வருகிறவர்களின் துண்டுகளுக்கு ஒரு வழி பண்ண, மலைக்கு அந்தப் பக்கம் இடித்த எஸ்டேட் பங்களா ஒன்றிலிருந்து பழைய இரும்பு அடுப்பைச் செங்கோட்டை வழியாக ஏற்றி வந்தான் என் மச்சினன். கூடத்துச் சுவரில் மாடம் குடைந்து அதைச் செருகினோம். முன்னால் கண்ணாடிக் கதவு. அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மறைக்கச் சுற்றிலும் தகரச் சட்டம்.

நேர் மேலே தேக்குப் பலகை மச்சு. எனக்குப் பயம் அதுதான். சூடு மிஞ்சினால் மச்சு தீப்பிடிக்கும், மச்சு பிடித்தால் வீடு போகும். எனவே காந்தத்தில் ஒட்டும் ஃபாரன்ஹீட் வெப்பமானி ஒன்றை வரவழைத்து, கதவுக்கு மேலே அடுப்பின் நெற்றியில் பொட்டு மாதிரி ஒட்டினேன். முள் பச்சையில் நின்றால் பத்திரம், சிவப்புக்குப் போனால் ஆபத்து.

முதல் சீசனில் முள் சிவப்பின் பக்கம் தலையைத் திருப்பினாலே போதும், ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, “எல்லாரும் இறங்குங்க!” என்று மாடிப்படியில் நின்று அலறுவேன். ஒருமுறை தலை நிறைய ஷாம்பூ நுரையோடு ஒரு பெரியவர் ரோட்டில் நின்று என்னை முறைத்தார். வீடு பற்றவில்லை. அவருக்குத்தான் பற்றியது.

அடுத்த சீசனுக்கு முன் மச்சினன் அடுப்புக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தான். வெப்பமானியைத் திரும்ப ஒட்டும்போது ஒரு சாண் மேலே ஒட்டினான்.

“கண்ணுக்கு நேரா இருக்கும் அத்தான். இடுப்பு வலியோட நீங்க குனிய வேண்டாம் பாருங்க.”

நெகிழ்ந்துபோய் அவனுக்கு பரோட்டாவும் கோழியும் வாங்கிக் கொடுத்தேன்.

அதன் பிறகு முள் திருந்திவிட்டது. எவ்வளவு விறகு போட்டாலும் பச்சையை விட்டு நகராது. எல்லாம் நான் விறகு அடுக்கும் பக்குவம் என்று நினைத்தேன். தினமும் சாயங்காலம் ரயில் நிலைய அறிவிப்பு போல, “நூத்தி இருபது! பச்சை!” என்று கூவுவேன். சமையலறையிலிருந்து மனைவி, “சரிங்க” என்பாள். மச்சினன், “சூப்பர் அத்தான்” என்பான்.

ஒரு சாயங்காலம் விறகு நனைந்திருந்ததால், மச்சினன் ஒரு சாக்கு சிரட்டையை உள்ளே கொட்டினான். காய்ந்த தேங்காய்ச் சிரட்டை எப்படி எரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாடியில் தங்கியிருந்த மதுரைக்காரப் பெண் துண்டு எடுக்க வந்தவள் நின்றுவிட்டாள்.

“அண்ணே, அடுப்பு என்ன இப்படி உறுமுது?”

“பயப்படாதிய தங்கச்சி. முள்ளைப் பாருங்க, பச்சை” என்றேன். என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு நிதானமாக இருந்ததில்லை.

அடுப்புக்கு எதிரே கட்டிய கொடியில் கிடந்த அவள் துண்டு புகைய ஆரம்பித்தது.

என் நிதானம் அத்தோடு முடிந்தது. தீப்பிடித்த வீட்டில் மற்றவர்கள் நகையை எடுப்பார்கள், பத்திரத்தை எடுப்பார்கள். நான் வெப்பமானியைப் பிடுங்கினேன். வெறுங்கையால். விரல் வெந்திருக்க வேண்டும். ஆனால் அது ஆறிப்போன டீ கிளாஸ் மாதிரி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஒன்றும் புரியாமல் அதை அடுப்பின் நெற்றியில் வைத்தேன். முள் பச்சையை ஒரே ஓட்டத்தில் கடந்து சிவப்பின் கடைசியில் போய் முட்டியது.

மனைவி வந்து அடுப்புக்குள் காற்று போகும் திறப்பை அடைத்தாள். உறுமல் மெல்ல இறங்கியது.

“ஏலே, சிரட்டையப் போடாதன்னு சொன்னேம்லா?” என்று தம்பியைத் திட்டினாள்.

“இது ஏன் அடுப்புல இல்லாம தகரச் சட்டத்துல ஒட்டியிருந்துச்சு?” என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கோவப்படாதிய அத்தான். நீங்க கத்துத கத்துல போன சீசன்ல ரெண்டு குடும்பம் பாதியில காலி பண்ணிட்டுப் போயிட்டு. அதான்...”

“யாரு சொல்லி ஒட்டின?”

“நாந்தான் சொன்னேன்” என்றாள் மனைவி. “நீங்க நிம்மதியா இருக்கணும்லா?”

மச்சு தப்பித்தது. ஒரு துண்டோடு போயிற்று. ஆனால் அந்த “சரிங்க” எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு சீசன் முழுக்க நான் வெறும் தகரத்தின் சூட்டைக் கூவியிருக்கிறேன். அது தெரிந்தே இருவரும் தலையாட்டியிருக்கிறார்கள். கத்துவது ஒன்றுதான் எனக்கு உருப்படியாக வரும் வேலை. கத்த வேண்டிய அன்றைக்கு என்னைப் புத்தனாக்கி உட்கார வைத்துவிட்டார்கள்.

வெப்பமானி இப்போது அடுப்பின் நெற்றிக்கே திரும்பிவிட்டது. நான் எதையும் கூவுவதில்லை. வேறொரு யோசனை வந்துவிட்டது. வீட்டில் எனக்கு பிபி பார்ப்பது மனைவிதான். மெஷினின் முகம் எப்போதும் அவள் பக்கம் இருக்கும். “நூத்தி இருபது, எண்பது. நார்மல்” என்பாள். எப்போது பார்த்தாலும் அதே நூற்றி இருபது. நேற்று, “இங்கன திருப்பு, பாப்போம்” என்றேன். அதற்குள் பட்டையைக் கழற்றிவிட்டாள்.

“ஆஃப் ஆயிட்டுங்க.”

இன்று தென்காசிக்குப் போகிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடையில் பிபி பார்க்கிறார்கள். வீட்டில், துண்டு வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

“சரிங்க” என்றாள்.