மணலில் துடைத்த லென்ஸ்

குற்றாலத்தில் மெயின் அருவிக்கு முன்னால், தலை நனைந்து நடுங்கும் குடும்பங்களை நிற்க வைத்துப் படம் எடுத்த வருடங்களில், என் இடது கை ஒரு வேலையைத் தானே கற்றுக்கொண்டது. தோளில் கிடக்கும் துண்டின் நுனியை எடுக்கும். லென்ஸை ஒரு வட்டம் துடைக்கும். துண்டைத் திரும்பத் தோளில் போடும். சாரல் விடாது, கையும் விடாது. படத்துக்கு ஒரு துடைப்பு. கண் இமைப்பதற்கு யாராவது யோசிப்பார்களா?

அந்தக் கையோடுதான் வளைகுடாவுக்குப் போனேன். பாலைவனத்துக்கு நடுவில் சாலை போடுகிறவர்களின் முகாம். அதில் ஸ்டோர் கீப்பர் வேலை. இங்கே மணலைத் தவிர ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போனில் சொன்னேன். அது பொய் என்று முதல் அமாவாசையன்று தெரிந்தது. ஜெனரேட்டர் நின்றுபோய் வெளியே வந்தவன் அண்ணாந்து பார்த்தேன், அப்படியே நின்றுவிட்டேன். சீசன் முழுக்க மேகத்தையே வானம் என்று பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே வானத்துக்கு மூடியே இல்லை. பால்வீதி ஒரு ஓரத்தில் எழும்பி மறு ஓரத்தில் மணலுக்குள் இறங்கியது. இத்தனை வருடமாக இதை என்னிடம் காட்டாமல் எங்கே வைத்திருந்தார்கள் என்று கோபம்கூட வந்தது.

அதற்கப்புறம், மறுநாள் விடுமுறையான வியாழக்கிழமை ராத்திரிகளில் நான் தூங்கியதில்லை. கூட வருகிறவன் முகாமின் சமையல்காரன், செங்கோட்டைக்காரன், என்னைவிட ஆறு வயது இளையவன். ஸ்டோர் வண்டியை ஓட்டிப் போய் மணல்மேட்டின் அடியில் நிறுத்துவேன். அவன் ஒரு கையில் என் கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு, மறு கையை என் தோளில் போட்டபடி நடப்பான். பாசம் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் விருச்சிகத்தைக் காட்டினேன். "அந்தா பாரு, தேள் கொடுக்கு மாதிரி வளைஞ்சு. தெரியுதா?"

"தெரியுது அண்ணாச்சி. நல்லாத் தெரியுது."

அவன் முகம் வண்டியைப் பார்த்து இருந்தது.

"ஏலே, அங்கன டயர்லா இருக்கு!"

சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "சின்ன வயசுலேந்தே பொழுது அடைஞ்சா ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. இப்ப ஓரமெல்லாம் சுருங்கிக்கிட்டே வருது. கம்பெனில சொல்லிராதீங்க. அடுப்பு வெளிச்சத்துல ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

சற்று முன் எடுத்த படத்தைக் கேமராவின் பின்திரையில் போட்டு அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். வெகுநேரம் பார்த்தான்.

"இது இப்ப அங்கன இருக்கா?"

"இருக்கு."

"நம்ம தலைக்கு மேலயா?"

"ஆமாலே."

"நான் நிக்கும்போதுமா?"

அந்தக் கேள்விதான் அவனுக்குள் ஆசையாக வளர்ந்தது. வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் கண் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, அவனே கேன்சல் எழுதிக் கொடுத்தான். திரும்பி வராத பயணத்துக்கு அங்கே அதுதான் பெயர். போவதற்குள் ஒரே ஒரு படம் வேண்டும் என்றான். முழு வானம், அதற்குக் கீழே அவன். கண்ணில் மிச்சம் இருக்கும்வரை பார்த்துக்கொள்ள. நிலா இல்லாத வியாழன் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

அன்று பார்த்துக் காற்று. மணல் கணுக்கால் உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவனை மேட்டில் நிறுத்திவிட்டு இருபதடி தள்ளி வந்தேன். வானம் முழுவதையும் பிடிக்கிற அகல லென்ஸை மாட்டினேன். குனிந்தேன். என் கை துண்டின் நுனியை எடுத்தது. ஒரு வட்டம்.

கரகரவென்று சத்தம் கேட்ட பிறகுதான் புரிந்தது, துண்டெல்லாம் மணல் என்று.

இருந்தும் எடுத்தேன். ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றிப் புகை. அவன் தட்டுத்தடுமாறி வந்து திரையைப் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, இட்லிக் கொப்பரையத் தெறந்த மாதிரி இருக்கு?"

நடந்ததைச் சொன்னேன். "பாலைவனத்துக்கு வந்தும் குற்றாலத்துக்காரன் சாரலைத் தொடைக்கான் பாரு!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையில் கேமராவோடு வந்த சாதா லென்ஸ் ஒன்று இருந்தது. அதற்குப் பார்வை குறுகல். வானமும் ஆளும் ஒன்றாக அடங்காது.

"வானமா, நீயாலே?"

"நான் இருக்கணும் அண்ணாச்சி. வானம் ஒரு துண்டு போதும்."

மறுபடி மேட்டில் நின்றான். பிடித்துக்கொள்ளத் தோள் கிடையாது. அவனுக்கு அது வெறும் இருட்டு. அந்த இருட்டுக்குள், படம் பதிகிற அரை நிமிடமும் கொஞ்சமும் அசையாமல் நின்றான். காற்றில் சட்டை மட்டும் படபடத்தது. அவன் தலையும் தோளும், மேலே ஒரு துண்டு பால்வீதியும் கிடைத்தன.

நான் ஊர் திரும்பியும் வருடங்கள் ஆகிவிட்டன. வீடு குத்துக்கல்வலசையில், தென்காசியில் ஒரு சின்ன ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் நான் விட்டு வந்த அந்த மணலுக்குப் போகிறவர்கள். அவர்களை நேராகப் பார்க்கச் சொல்லும்போதெல்லாம், ஒருமுறை அண்ணாந்து பாருங்கள் என்றும் சொல்லத் தோன்றும்.

போன மாதம் செங்கோட்டையில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இப்போது அவனுக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் தெரிகிறது, அதுவும் மங்கலாக.

"மொதல்ல என் தலையப் புடிச்சிருவேன். அங்கேந்து மேல ஏறுவேன்."

உள்ளேயிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள். "காலைல உக்காந்தா மத்தியானம் வரை ஏறுதாரு அண்ணாச்சி. எந்த மலைன்னுதான் தெரியல!"

அவன் சிரித்துவிட்டு மெல்லக் கேட்டான். "அன்னைக்கு மொதல்ல எடுத்தது இருக்கா? அந்தப் புகை புடிச்சது. இப்ப எனக்கு எல்லாமே புகைதான், வித்தியாசம் தெரியாது. அதுல நான் முழுசா நிக்கேன்லா. வானமும் முழுசா இருக்கும்லா."

இருக்கிறது, தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்குவரை வந்தது.

"அழிச்சிட்டேன்லே. அன்னைக்கு ராத்திரியே. வெக்கமாப் போச்சு."

படத்தைக் கட்டிலில் வைத்தான். வெளியே தகரத்தில் சாரல் விழத் தொடங்கியது.

"நீங்க பாத்தீங்கள்லா?"

"பாத்தேன்."

"அப்ப சொல்லுங்க."

இடது மூலையில் வண்டியின் ஓரம், பிறகு மணல்மேட்டின் முதுகு, அதன்மேல் அவன், விருச்சிகம், அங்கிருந்து மேலே என்று தொடங்கினேன். அவன் கையை உயர்த்தித் தடுத்தான்.

"கல்யாண வீடியோ மாதிரி ஓட்டாதீங்க அண்ணாச்சி. நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க."

நிறுத்தினேன். மறுபடியும் இடது மூலைக்கு வந்தேன்.